பதினாறாவது கால்

இந்தச் சின்னத் திரைக்குப் பதினாறு கால்கள்.
பதினான்கு எழுத்தின் பாடு,
கடைசி இரண்டும் வெளிச்சத்துக்கு.

பீல் நகரில், மட்ரெச் பக்கம், எங்களுக்கு ஒரே அறை.
சீலனுக்கு பேக்கரியில் இரவு வேலை.
அவன் மாவுக் கையோடு படியேறும் நேரம்
நான் காதுக்கருவித் தொழிற்சாலையில்
பற்றவைத்துக்கொண்டிருப்பேன்.
சந்திப்பது மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை.
செவ்வாயென்றால் அதிலும் பாதி
நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் முறைக்குப் போய்விடும்.

ஆகவே ஃப்ரிட்ஜ் கதவில் இதை ஒட்டினேன்.
இரண்டு வரி, வரிக்குப் பதினாறு கட்டம்.
ஜப்பானிய எழுத்துத் தெரியும் அதற்கு,
பாகைக் குறி தெரியும்,
அ தெரியாது.
நாமே வரைந்து கொடுத்தால்
எட்டு எழுத்து மட்டும் மனதில் வைத்துக்கொள்ளும்.
இருநூற்று நாற்பத்தேழில் எட்டு!

மூன்று இரவு கணக்குப் பார்த்தேன்.
ச, ஒரு துணைக்கால், ப், ப, டு, உ, ண்.
ஏழில் முடிந்தது:
சாப்பாடு உண்டு.
ண் மட்டும் ஐந்து புள்ளி அகலத்தில் அடங்க மறுக்க
ஒரு சுழியை வெட்டி ன் ஆக்கினேன்.
எழுத்துப் பிழையோடுதான் சாப்பிடுகிறான்.

வெளிச்சத்தை நேரே சிப்பில் கட்டக்கூடாது.
அது தாங்குவது இருபது மில்லி ஆம்பியர்,
இந்தப் பச்சை விளக்குக்கு எண்பது வேணும்.
நடுவில் ஒரு மாஸ்ஃபெட், கடலையளவு.
பதினாறாவது கால் அதன் வழியே கிரவுண்டுக்கு இறங்கும்.
பொத்தானை அமத்தினால் பத்து வினாடி, பிறகு இருட்டு.
இருட்டிலும் எழுத்து அங்கேதான் நிற்கும்.

ஒரு புதன்கிழமை சொன்னான்:
"பகல்ல படுக்கேக்க அது தானாப் பத்துதப்பா.
மூன்று தரம் எழும்பிப்போனன்."

நிரலை வரிவரியாய்ப் படித்தேன். பிழை இல்லை.
சனிக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு
அவன் குறட்டைக்குப் பக்கத்தில்
கட்டில் ஓரம் காத்திருந்தேன்.
பதினொன்று இருபதுக்கு
ஃப்ரிட்ஜ் உடம்பை ஒருதரம் உலுப்பி ஓடத் தொடங்கியது.
அந்த உலுப்பலில் மின்சாரம் ஒரு கணம் தளர,
சிப் மயங்கி விழுந்தது.
எழுந்து தன் வேலை நினைவுக்கு வர இரண்டு வினாடி.
அதுவரை
எரி என்றும் இல்லை, அணை என்றும் இல்லை.
கேட் என்று அந்தக் காலுக்குப் பெயர்.
யாரும் கேட்காமலே திறந்துகொண்டது.
பச்சை அவன் இமையில் விழுந்தது. புருவத்தில் இன்னும் மாவு.

கம்பியைச் சிப்பிலிருந்து உருவிவிட்டு
விரலைக் கிட்டக் கொண்டுபோனேன்.
தொடவேயில்லை, மங்கலாய் எரிந்தது.
எடுத்தேன், எரிவதா விடுவதா என்று
கொஞ்சம் தயங்கி அணைந்தது.

பழுப்பு, கறுப்பு, செம்மஞ்சள்:
பத்துக் கிலோ ஓம், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு.
ஒருவரும் ஒன்றும் சொல்லாத நேரத்தில்
வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.
சிப் வாய் திறந்தால் விட்டுக்கொடுக்கும்.
அவ்வளவுதான் அதன் பலம்.

உள்ளே பற்றவைத்தால் புகை மணத்துக்கே எழும்பிவிடுவான்.
நீட்டுக் கம்பியோடு பால்கனிக்குப் போனேன்.
இரண்டு பாகை. ஏரிப் பனிமூட்டம்.
எதிர்வீட்டு ஃபிராவ் ஏமி
சிகரெட்டை இறக்கிவைத்துப் பார்த்தாள்:
போர்வைக்குள் ஒரு பெண், கையில் புகை.
நானும் தலையசைத்தேன்.

அடுத்த உலுப்பலுக்கு நாற்பது நிமிடம்.
ஃப்ரிட்ஜ் நடுங்கியது.
ஒன்றும் நடக்கவில்லை.
அவன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

திங்கள் மாலை வரும்போது
மேசையில் பாண் பற்றுச்சீட்டு ஒன்று,
பின்பக்கம் சீலன் போட்ட கட்டங்கள்.
எட்டாவது இடம் சும்மாதானே கிடக்கு என்று
ண் எழுத்தை நடுவில் பிளந்து
பாதி ஒரு கட்டத்தில், பாதி அடுத்ததில்,
சுழி ஒன்றும் குறையாமல் வரைந்திருந்தான்.

இரவே ஏற்றினேன். பொத்தானை அமத்தினேன்.
சாப்பாடு உண்டு.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே
முடியளவு ஓர் இடைவெளி,
அதற்குள்ளாலும் பச்சை.
பத்து வினாடி பார்த்தோம்.